கூட்டம் சிரிக்கிறது என்பதற்காகக் கதவைச் சாத்தாதீர்கள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் டீச்சர் பாடம் நடத்துவார்கள் என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. அவசரமில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு உட்காரும்போது வாசித்தால் போதும்.

அண்மையில் என்னிடம் படித்த இரண்டு பேர் தனித்தனியாக இன்பாக்ஸில் எழுதினார்கள். பெயர், ஊர், எந்த வருஷத்துப் பிள்ளைகள், எதையும் சொல்லமாட்டேன். ஊகிக்கவும் வேண்டாம். ஒருவன் கிறிஸ்தவம் அல்லாத வீட்டுப் பையன். வெளியூரில் வேலை. சில மாதங்களாகப் போனில் லூக்கா சுவிசேஷம் படிக்கிறானாம். ரூமுக்குள் யாராவது வந்தால் உடனே ஸ்கிரீனை மாற்றிவிடுகிறானாம். இன்னொருத்தி பரம்பரைக் கிறிஸ்தவ வீட்டுப் பெண். ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இயேசு, பைபிள் என்று பேச்சு வந்தால் மேசையைச் சுற்றி எல்லோரும் சிரிக்கிறார்கள். இவளும் கூடச் சேர்ந்து சிரித்துப் பழகிவிட்டாள். இப்போது எது தன் எண்ணம், எது அந்த மேசையின் எண்ணம் என்றே பிரித்துப் பார்க்க முடியவில்லை என்கிறாள்.

இரண்டு பேரும் முடிவில் கேட்டது ஒரே கேள்விதான். "இவ்வளவு பேர் வேண்டாம்னு சொல்றாங்களே டீச்சர், அவங்க எல்லாருமா தப்பா இருப்பாங்க?"

இதற்கு இன்பாக்ஸில் நாலு வரி போட்டால் போதாது. இதே கேள்வி இன்னும் பலர் மனதில் இருக்கும் என்பதால் பொதுவில் எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கிறிஸ்தவள் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். வகுப்பில் எந்தப் பிள்ளையையும் நான் மதம் மாறச் சொன்னதில்லை, இங்கேயும் அதற்காக எழுதவில்லை. ஒரு விஷயத்தைக் கேட்டுப் பார்த்துத் தீர்மானிப்பதற்கும், கூட்டத்தைப் பார்த்துத் தீர்மானிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இன்றைய பாடம்.

யோவான் சுவிசேஷத்தில் நிக்கொதேமு என்று ஒருவர் வருகிறார். நம் தொழில்காரர், அதாவது வாத்தியார். இயேசுவே அவரை இஸ்ரவேலில் போதகர் என்றுதான் குறிப்பிடுகிறார். அதோடு யூதர்களின் ஆலோசனைச் சங்கத்தில் உறுப்பினர். படிப்பு, பதவி, வயது எல்லாம் உள்ள மனிதர். சுவிசேஷத்தில் அவர் மூன்றே இடங்களில்தான் வருகிறார். அந்த மூன்றையும் வரிசையாகப் பார்த்தால் நம் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

முதல் தடவை, 3ஆம் அதிகாரம். ராத்திரியில் இயேசுவைத் தேடி வருகிறார். பகலில் வந்தால் நாலு பேர் பார்ப்பார்கள் என்ற பயம்தான் காரணம் என்று பலரும் பிரசங்கம் பண்ணுவார்கள். இருக்கலாம். ஆனால் பயந்துகொண்டாவது வந்தாரே, அதைக் கவனியுங்கள். வந்தவர் தலையாட்டிவிட்டுப் போகவில்லை. மறுபடியும் பிறப்பது பற்றி இயேசு சொன்னபோது, வயதான மனுஷன் எப்படி மறுபடி தாயின் வயிற்றுக்குள் போவான் என்று நேராகக் கேட்கிறார். புரியாததைப் புரியவில்லை என்று சொல்லும் மாணவனை எந்த ஆசிரியருக்குப் பிடிக்காது? அந்த ராத்திரி அவர் என்ன முடிவு எடுத்தார் என்று யோவான் எழுதவே இல்லை. எனக்கு அதில் பெரிய ஆறுதல் உண்டு. முதல் உரையாடலிலேயே முடிவு சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இரண்டாம் தடவை, 7ஆம் அதிகாரம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கூடாரப் பண்டிகைக் காலம். எருசலேம் முழுக்க ஜனம். இயேசுவைப் பற்றி ஊரே இரண்டாகப் பிரிந்து பேசுகிறது. நல்லவர் என்கிறார்கள் சிலர், ஏமாற்றுகிறவர் என்கிறார்கள் சிலர். ஆனால் அதிகாரத்தில் இருப்பவர்களுக்குப் பயந்து யாரும் வெளிப்படையாகப் பேசவில்லை. அவரைப் பிடித்துவரப் போன சேவகர்கள் வெறுங்கையோடு திரும்பி வருகிறார்கள். ஏன் பிடித்து வரவில்லை என்று கேட்டால், அந்த மனிதர் பேசுகிற மாதிரி இதுவரை யாரும் பேசியதில்லை என்கிறார்கள்.

அதற்குப் பரிசேயர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று பாருங்கள். இயேசு என்ன பேசினார், அதில் எது தவறு என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. நீங்களும் ஏமாந்துவிட்டீர்களா என்றார்கள். நம் தலைவர்களில் யாராவது அவரை நம்பியிருக்கிறார்களா என்றார்கள். நம்புகிறதெல்லாம் வேதம் தெரியாத சபிக்கப்பட்ட கும்பல் என்றார்கள்.

இந்த மூன்றும் எங்கேயோ கேட்ட மாதிரி இல்லையா? "நீயுமாடா விழுந்துட்டே?" "படிச்சவன் எவனாவது இதை நம்புவானா?" "இதெல்லாம் விவரம் இல்லாத ஜனங்க போற இடம்." ஆபீஸ் மேசையிலும் ஹாஸ்டல் ரூமிலும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் இன்றைக்கும் ஓடுவது இந்த மூன்று வசனம்தான். மூன்றிலும் விஷயம் என்று ஒன்றுமே கிடையாது. யார் நம்புகிறார்கள், யார் நம்பவில்லை என்கிற கணக்கு மட்டும்தான்.

அந்தச் சபையில்தான் நிக்கொதேமு வாயைத் திறக்கிறார். "நான் இவருடைய சீஷன்" என்று அவர் அறிவிக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். ஒரு மனிதன் சொல்வதைக் கேட்காமலும், அவன் செய்வதை அறியாமலும் தீர்ப்புச் சொல்ல நம் நியாயப்பிரமாணம் இடம் கொடுக்கிறதா? அவ்வளவுதான். அவர்களுடைய சட்டத்தையே எடுத்து அவர்கள் முன்னால் வைக்கிறார்.

பதிலாக என்ன வந்தது? நீயும் கலிலேயாக்காரனோ என்றார்கள். இன்றைய பாஷையில், "நீயும் அந்த ஆளா?" கேள்விக்குப் பதில் இல்லாதபோது கேட்டவன்மேல் ஒரு முத்திரை குத்துவது அன்றைக்கும் இருந்திருக்கிறது. அதோடு ஒரு தகவலும் வீசுகிறார்கள். ஆராய்ந்து பார், கலிலேயாவிலிருந்து தீர்க்கதரிசி யாரும் எழும்புவதில்லை என்று.

பிள்ளைகளே, வேடிக்கை என்ன தெரியுமா? அந்தத் தகவலே தவறு. யோனா தீர்க்கதரிசியின் ஊர் காத்தேப்பேர் என்று 2 இராஜாக்கள் 14ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அது கலிலேயாவில், நாசரேத்துக்குப் பக்கத்தில் உள்ள ஊர். வேதத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் கூடிய சபை அது. ஒரு சுருளை எடுத்துப் பிரித்திருந்தால் தெரிந்திருக்கும். இயேசு பிறந்த ஊர் எது என்றும் ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஆராய்ந்து பார் என்று அடுத்தவரை அதட்டியவர்கள், தாங்கள் ஆராய்ந்து பார்க்கவில்லை. அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னதால் அது உண்மை மாதிரி ஒலித்தது, அவ்வளவுதான்.

இன்றைக்கும் ஃபார்வர்டுகளில் அப்படித்தான். பைபிளைப் பற்றி, திருச்சபை வரலாற்றைப் பற்றி, அடித்துச் சொல்லும் செய்திகள் நாளொன்றுக்கு எத்தனை வருகின்றன! கிறிஸ்தவர்கள் அனுப்பும் அதிசயக் கதைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஐந்நூறு பேர் அனுப்பிவிட்டார்கள் என்பதால் ஒரு தகவலுக்குக் கூடுதல் மார்க் போட முடியுமா? கணக்குப் பரீட்சையில் வகுப்பு முழுக்க ஒரே தப்பான விடையை எழுதினாலும் தப்பு தப்புதானே?

கூட்டம் என்பது எப்படிச் சேர்கிறது என்பதற்கு அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரத்தில் ஒரு காட்சி உண்டு. எபேசு பட்டணம். தெமேத்திரியு என்ற வெள்ளித் தட்டான் தன் தொழில் கெட்டுப்போகும் என்ற கவலையில் ஆட்களைத் திரட்டுகிறான். பட்டணமே கலங்கி நாடக அரங்கத்துக்குள் ஓடுகிறது. துருக்கியில் அந்த அரங்கத்தின் கற்படிகள் இன்றும் இருக்கின்றன. இருபதாயிரம் பேருக்குமேல் உட்காரலாம். இரண்டு மணி நேரம் ஒரே கோஷம். இதை எழுதிய லூக்கா ஒரு விவரத்தைச் சேர்க்கிறார். அங்கே கூடியவர்களில் பெரும்பாலோருக்கு எதற்காகக் கூடினோம் என்றே தெரியாதாம். அந்தக் கூட்டத்தை அடக்கியது கிறிஸ்தவன் அல்ல, பட்டணத்து அதிகாரி ஒருவர். குறை இருந்தால் நியாய ஸ்தலம் இருக்கிறது, அங்கே போய்ப் பேசுங்கள் என்று எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார். நியாயமாக நடக்க நம் மதத்துக்காரராக இருக்க வேண்டும் என்று இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் கூட்டம் எதிர்த்தால் அது சத்தியம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் ஆட்களில் சிலருக்கு இந்தப் பழக்கம் உண்டு. எதற்குத் திட்டு வாங்கினாலும் "கர்த்தருக்காகப் பாடுபடுகிறேன்" என்பார்கள். தெருவுக்கே கேட்கும்படி ராத்திரி பத்து மணிக்கு மைக் வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வரத்தான் செய்வார். அதற்குப் பெயர் உபத்திரவம் அல்ல. பொல்லாங்கு செய்து அதற்காகப் பாடுபட வேண்டாம் என்று பேதுருவே தன் நிருபத்தில் எச்சரிக்கிறார். அதேபோல கூட்டம் சேர்வதும் சத்தியத்துக்கு அத்தாட்சி இல்லை. ஐயாயிரம் பேர் அப்பம் தின்ற நாளில் இயேசுவை ராஜாவாக்கவே பார்த்தார்கள். அவர் தனியே மலைக்குப் போய்விட்டார். மறுநாள் அவர் கடினமான வார்த்தை பேசியதும் பலர் விட்டுவிட்டுப் போனார்கள். ஆட்கள் கூடியதும் குறைந்ததும் ஒரே நாள் இடைவெளியில். அவர் மட்டும் அதே ஆள்.

இன்னொரு கசப்பான உண்மை உண்டு. கிறிஸ்தவ சத்தியத்தைத் தள்ளும் கூட்டம் எப்போதும் சபைக்கு வெளியேதான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் கூடாது, உடனே விட வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்குக் கடிதம் எழுதினார். தனித்தனி இருக்கை, தனித்தனியாக நற்கருணை எடுப்பது, எதுவும் கூடாது என்றார். என்ன நடந்தது? சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் பெருங்கூட்டமாக எதிர்த்தார்கள். பலர் சபையையே விட்டுப் போனார்கள். எல்லோரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான், பாட்டும் ஜெபமும் தெரிந்தவர்கள்தான். கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்று என்கிற வார்த்தை மட்டும் தொண்டையில் இறங்கவில்லை. இன்றைக்கும் நம் ஊர்ப் பக்கம் கல்யாணப் பேச்சு எடுக்கும்போது அது எத்தனை வீட்டில் இறங்குகிறது என்று, மதினிமார்களே, அத்தான்மார்களே, உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டத்தில் எழுந்து எதிர்த்துப் பேசுவதும் கிறிஸ்தவ சத்தியத்துக்குக் காது கொடுப்பதுதான்.

சரி, திறந்த மனதோடு கேட்டவர்கள் நம் மண்ணில் இல்லையா? ஒரு தமிழ் வாத்தியாரையே சொல்கிறேன். 1827இல் திருநெல்வேலிக்குப் பக்கம் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர் கிருஷ்ண பிள்ளை. கம்பராமாயணத்தில் ஊறியவர். 1853இல் சாயர்புரத்துக் கிறிஸ்தவக் கல்விச்சாலைக்குத் தமிழாசிரியராகப் போனார். ஜி.யு. போப் 1840களில் தொடங்கிய நிறுவனம் அது. வேலைக்குத்தான் போனார், மதத்துக்கு அல்ல. வெளியே இருந்த கூட்டத்துக்கு அவர் நம்மவர். உள்ளே இருந்த கூட்டத்துக்கு அவர் வெளியாள். இரண்டு பக்கமும் ஆள் இழுக்கும் இடம். அவர் எந்தப் பக்கத்து இழுப்புக்கும் போகாமல் வருஷக்கணக்கில் வாசித்தார், யோசித்தார். ஐந்து வருஷம் கழித்து 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். அந்தக் காலத்தில் அப்படி ஒரு முடிவு எடுத்தால் வீடும் ஊரும் உறவும் என்ன பாடு படுத்தும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்குப் பிடித்தது இதற்குப் பிறகு நடந்தது. புது வழிக்கு வந்தவர் கம்பனைத் தூக்கி எறியவில்லை. ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில நூலைத் தழுவி, கம்பனிடம் கற்ற தமிழில் 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காப்பியத்தை எழுதினார். அது 1894இல் வந்தது. அவரைக் கிறிஸ்தவக் கம்பர் என்றே தமிழ் உலகம் அழைக்கிறது. அந்தப் பனியனும் அனுமதி இல்லாமல் பிரசங்கம் பண்ணினார் என்று பன்னிரண்டு வருஷம் ஜெயிலில் கிடந்தவர்தான். திறந்த மனது என்றால் இருந்ததையெல்லாம் வெறுப்பது என்று சிலர் பயப்படுகிறார்கள். கிருஷ்ண பிள்ளையைப் பாருங்கள். அவர் தமிழ் குறையவில்லை.

இதே அளவுகோலை எனக்கும் வைத்துக்கொள்கிறேன். கேட்காமல் தீர்ப்புச் சொல்லாதே என்பது பிறர் நம்மிடம் காட்ட வேண்டிய மரியாதை மட்டும் இல்லை. சாயர்புரத்தில் இருந்த அதே போப்தான் திருக்குறளை 1886இலும் திருவாசகத்தை 1900இலும் ஆங்கிலத்தில் தந்தார். கிறிஸ்தவப் போதகர். அவர் மாணிக்கவாசகரைக் கேட்க மறுக்கவில்லை. குர்ஆனையும் கீதையையும் ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் பிரசங்கத்தில் கிண்டல் செய்கிற நம் ஆட்களுக்கும் நிக்கொதேமுவின் கேள்வி பொருந்தும்.

இப்போது நிக்கொதேமுவின் மூன்றாம் காட்சி. 19ஆம் அதிகாரம். இயேசு சிலுவையில் இறந்துவிட்டார். சீஷர்களில் பெரும்பாலோர் ஓடி ஒளிந்துவிட்டார்கள். கூட்டம் ஜெயித்துவிட்டது. இனி அவர் பக்கம் நின்றால் யாருக்கும் ஒரு லாபமும் இல்லை. அந்த நேரத்தில் அரிமத்தியா ஊர் யோசேப்பு போய் உடலைக் கேட்டு வாங்குகிறார். நிக்கொதேமு வாசனைப் பொருள்களை எடுத்துக்கொண்டு வருகிறார். ஏறக்குறைய நூறு இராத்தல். ரோமர் கணக்கில் பார்த்தால் முப்பது கிலோவுக்கு மேல் வரும். இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைவிடக் கனம். அதை ஒளித்துக் கொண்டுவர முடியாது. ராத்திரியில் வந்தவர் இப்போது பொழுது சாயும் முன்னே, ஊர் பார்க்க வருகிறார்.

இந்த மூன்றுக்கும் இடையில் எத்தனை காலம் ஓடியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முதலில் தனியாகக் கேட்டார். பிறகு சபையில் நியாயம் கேட்டார். கடைசியில் கை நிறையச் சுமந்து வந்தார். எடுத்த எடுப்பில் வீரராக இருக்கவில்லை. ஆனால் ராத்திரியிலேயே நின்றுவிடவும் இல்லை. "நான் ஓப்பன் மைண்ட்" என்று சொல்லிக்கொண்டே ஆயுசு முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம். கேட்டது உண்மை என்று மனது சொன்ன பிறகும் உட்கார்ந்திருந்தால் அது திறந்த மனது இல்லை, பயம்தான். விசாரித்த பிறகு இது உண்மையில்லை என்று ஒருவருக்குத் தோன்றினால், அதையும் நேர்மையாகச் சொல்லட்டும். விசாரித்துச் சொல்லும் "இல்லை"யை நான் மதிக்கிறேன். மேசையைப் பார்த்துச் சொல்லும் "ஆமாம்", "இல்லை" இரண்டிலும் எனக்கு மதிப்பு இல்லை.

வழக்கம்போல வீட்டுப்பாடம் கொடுக்காமல் விடமாட்டேன்.

ஒன்று. இயேசுவைப் பற்றிப் பிறர் சொன்னதை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு சுவிசேஷத்தை முழுவதுமாகப் படியுங்கள். மாற்கு சின்னது, பதினாறே அதிகாரம். நான் சொன்னதையும் சேர்த்தே ஒதுக்கிவையுங்கள். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே நம்பிவிடாமல் தினமும் வேதத்தைப் புரட்டிச் சரிபார்த்தார்கள். அதற்காக அவர்களைப் பாராட்டித்தான் எழுதியிருக்கிறது.

இரண்டு. யாராவது கிண்டல் செய்தால் சண்டைக்குப் போகாதீர்கள். "நீங்க அதைப் படிச்சிருக்கீங்களா?" என்று மட்டும் மெதுவாகக் கேளுங்கள். நிக்கொதேமு கேட்டதும் அதுதான்.

மூன்று. சிரிப்பு வராத இடத்தில் சிரிக்காதீர்கள். எதிர்த்துப் பேசத் தைரியம் இல்லையென்றால் சும்மா இருங்கள், பரவாயில்லை. ஆனால் கூடச் சேர்ந்து சிரித்துச் சிரித்துத்தான் மனது மரத்துப்போகிறது.

நான்கு. பெற்றோர்களுக்கு. வீட்டில் பிள்ளை கேள்வி கேட்டால், எந்தப் பக்கத்துக் கேள்வியாக இருந்தாலும், அதட்டாதீர்கள். கோயிலுக்கு வரமாட்டேன் என்றாலும் சரி, பைபிள் வாசிக்கிறேன் என்றாலும் சரி, முதலில் ஏன் என்று கேட்டு முழுசாகக் காது கொடுங்கள். ஸ்கிரீனை மாற்றிவைக்கும் பழக்கம் நம் அதட்டலில்தான் தொடங்குகிறது.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே தாராளமாக எழுதுங்கள், நிதானமாகப் பதில் சொல்கிறேன். ஒருவரையொருவர் ஏளனம் செய்யும் கமெண்டுகளை மட்டும் எடுத்துவிடுவேன். வகுப்பில் இருந்த அதே விதிதான்.

அன்புடன்,
உங்கள் தமிழ் டீச்சர்